பத்துப் பருவம், பத்துக் கேள்வி

பிள்ளைத்தமிழின் பருவக் கணக்கை நான் முதன்முறையாக ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தது என் மகள் பிறந்த 19ஆவது நாள் இரவில். உட்கார்ந்து என்பது சும்மா பேச்சுக்கு. உட்கார்ந்தால் அவள் அழுவாள். சாந்தோமில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு கையில் செல்பேசி. அதிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில்கூட வண்டிச் சத்தம் ஓய்ந்து, வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கடல் கேட்க ஆரம்பிக்கும். தூக்கமும் வராது, கவனமும் நிற்காது. அந்த நேரத்துக்குப் பழைய இலக்கணக் குறிப்புகள்தான் சரியான வாசிப்பு.

காப்பு 3ஆம் மாதம். செங்கீரை 5. தால் 7. சப்பாணி 9. முத்தம் 11. வருகை 13. அம்புலி 15. அதன் பிறகு ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். இப்படியே ஒற்றைப்படையாக 21ஆம் மாதம் வரை போகிறது. பாட்டியல் நூல்களுக்குள் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இதுதான். எங்கள் தொழிலில் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவோம். இங்கே முதல் எண்ணே மூன்று.

அப்போ இந்த 19ஆவது நாள் எங்கே போச்சு?

ஏன் மூன்றாம் மாதம் என்பதற்கு என் ஊகம் எளிமையானது. பிறந்த குழந்தை தங்குமா என்பதே தெரியாத காலம். தங்கிவிட்டது என்று கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகுதான் கடவுளர்களைக் கூப்பிட்டுக் காவல் வைக்க முடியும். கண்ணேறு பயமும் சேர்ந்திருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். குழந்தைக்கென்றே தனி இலக்கிய வகை வைத்திருக்கும் ஒரு மொழியில், முதல் அறுபது நாளுக்குப் பாட்டு கிடையாது. தையல் பிரியாத வயிறு, பால் கட்டிக்கொண்ட மார்பு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளாத தூக்கம் எல்லாம் அந்த அறுபது நாளில்தான் இருக்கின்றன.

அந்த நாட்களில் என் மனைவி ஒன்று சொன்னாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமான குரலில், “எனக்கு ஒண்ணுமே தோணல. எல்லாரும் சொல்றது எனக்கு வரல” என்றாள். எல்லாரும் சொன்னது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பிள்ளை முகம் பார்த்தால் வலி மறந்துபோகும் என்பதுதானே அது. சினிமா, சொந்தக்காரர்கள், வாழ்த்து அட்டைகள் எல்லாம் அவளுக்கு அதைச் சொல்லியிருந்தன. நான் அவளுக்கு வாசித்துக்காட்டிய கவிதைகளும்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கவிதைகளைப் பற்றியது.

முதலில் குமரகுருபரர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. வருகைப் பருவத்தைப் பாடும்போது மீனாட்சியே சிறுமியாக வந்து திருமலை நாயக்கரின் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கவிஞருக்குப் போட்டாள் என்று ஒரு கதை உண்டு. அந்த ஓசையைக் கேட்டவர்களுக்குக் கதையை நம்புவது கஷ்டமாக இருக்காது. ஆனால் 19ஆவது நாளில் வாசித்தபோது ஒன்று உறுத்தியது. அந்தக் குழந்தைக்குப் பசி இல்லை. அது துணி நனைக்கவில்லை. கக்கவில்லை. கடவுள்தானே, எப்படிக் கக்கும் என்று கேட்கலாம், நியாயம். அதைவிட உறுத்தியது பாடும் குரல். அது தாயின் குரல் என்பது மரபு. தால் ஆட்டுவதும் முத்தம் கேட்பதும் நிலாவைக் கூப்பிடுவதும் அவள்தான். ஆனால் அவளுக்கு உடம்பு இல்லை. ஒரு வாய் இருக்கிறது, குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் கை இருக்கிறது, அவ்வளவுதான். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று நூறு பாட்டு படித்தும் நமக்குத் தெரியாது.

ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்குப் பாடிய 12ஆம் நூற்றாண்டிலிருந்து இதுதான் ஏற்பாடு. கவிஞர், பெரும்பாலும் ஆண், தாயின் இடத்தில் நின்றுகொள்கிறார். தாய் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விடுகிறாள். இந்த வகை சைவத்தோடோ வைணவத்தோடோ நிற்கவில்லை. நபிகளுக்கும் இயேசுவுக்கும்கூடப் பிள்ளைத்தமிழ் இருக்கிறது. பவுலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட ஆய்வுநூல் இந்த மூன்று சமய மரபுகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. தெய்வம் மாறினாலும் குழந்தை ஒன்றுதான், காணாமல்போன தாயும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. (புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பியின் பாட்டு ஒன்று உண்டு. குழந்தை நெய்ச்சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் காட்சி, எல்லாப் பள்ளிப் பாடநூலிலும் வரும். அருமையான பாட்டுதான். ஆனால் அந்தத் தரையை யார் துடைத்தார்கள் என்று இப்போதெல்லாம் யோசிக்காமல் வாசிக்க முடிவதில்லை.)

பிறகு பெரியாழ்வார். பிள்ளைத்தமிழ் என்ற வகைக்கு விதிகள் கெட்டிப்படுவதற்கு முன்பே, தாலாட்டையும் அம்புலியையும் செங்கீரையையும் சப்பாணியையும் பாடியவர். அவருடைய திருமொழி மூன்றாம் மாதத்துக்குக் காத்திருப்பதில்லை, பிறந்த வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. ஆயர்பாடி முழுக்க எண்ணெயும் மஞ்சள் பொடியும் சேறாகிக் கிடக்கிறது. பெரியவர்கள் தலைகால் புரியாமல் ஓடுகிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், நாக்கு வழிக்கிறார்கள். அதே பதிகத்தின் கடைசிப் பகுதியில், கொண்டாட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, ஒரு பாட்டு வருகிறது. தொட்டிலிலும் இருக்க மாட்டேன், இடுப்பிலும் இருக்க மாட்டேன், மார்பிலும் இருக்க மாட்டேன் என்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு யசோதை திணறுகிறாள். உடம்பில் தெம்பில்லை, வாடிப்போய்விட்டேன் என்று பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் ஒப்புக்கொள்கிறாள்.

முதல்முறை படித்தபோது இதைக் கண்ணனின் குறும்பு என்று எடுத்துக்கொண்டு கடந்துவிட்டேன். பக்தியுரைகள் சொல்லித்தருவதும் அதைத்தான்: பரம்பொருளின் லீலை. இப்போது வாசித்தால் குறும்பு இரண்டாம்பட்சம். பாட்டின் முடிவு குழந்தையிடம் இல்லை, யசோதையின் களைப்பில் இருக்கிறது. தன்னால் முடியவில்லை என்று ஒரு தாய் இன்னொரு பெண்ணிடம் வெளிப்படையாகச் சொல்கிறாள், அதையும் திருநாளின் நடுவில். அந்தப் பெண் பதில் சொல்வதில்லை, அறிவுரையும் தருவதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான இந்தப் பாட்டில் இரண்டு உடம்புகள் இருக்கின்றன. அடுத்து வந்த பிள்ளைத்தமிழ்களில் ஒன்று விழுந்துவிட்டது.

இவருக்கு மட்டும் இது எப்படித் தெரிந்தது? வில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வைத்து மாலை கட்டியவர். ஆண்டாளைத் துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்தார் என்பது மரபுக் கதை. பெண் குழந்தையைத் தானே தூக்கி வளர்த்தவர் என்று அந்தக் கதை சொல்வதால்தான் இந்தப் பாட்டை அவர் பெயரில் நம்ப முடிகிறது. வரலாறு தனி விஷயம். தோள் வலிக்கத் தூக்கிய ஆள் எழுதிய பாட்டு இது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை அவளுக்கு ஒரு விடிகாலையில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். கொஞ்சம் நேரம் கழித்து, “அன்னிக்கு ராத்திரி அவ கையிலேருந்து யாராவது கொழந்தைய வாங்கிக்கிட்டாங்களா?” என்று கேட்டாள். பாட்டில் அது இல்லை. நான் செல்பேசியை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. பாட்டை வாசித்துக்காட்டுவதை ஒரு உதவி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவிதைகளைத் திட்டிவிட்டு அன்றாடத்தைப் புகழ்வது சுலபம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாமியார் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்ப, கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடைக்குப் போனேன். சாந்தோமிலிருந்து நடக்கிற தூரம். சீட்டில் உரை மருந்துச் சாமான்கள்: ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. வசம்பின் பெயரை மட்டும் எழுதவில்லை, ‘பேர் சொல்லாதது’ என்று எழுதியிருந்தார். ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக் கூடாதாம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. (ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். பெரிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு வசம்பு வளையலாகக் கையில் ஏறியது. மற்றது டப்பாவிலேயே இருக்கிறது.) சீட்டின் கடைசி வரி பிரசவ லேகியம். அது குழந்தைக்கு இல்லை. அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் கொடுத்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலும் 16 பொருட்கள் இருந்தன. துண்டு, சட்டை, கொசுவலை, கிலுகிலுப்பை என்று போகும் பட்டியலில் தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். மருந்துக் கடைச் சீட்டும் அரசுப் பெட்டகமும் தாய்க்கென்று ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கின்றன. இலக்கண நூல்கள் அதைச் செய்யவில்லை.

கர்ப்பத்துக்கு முந்தைய காலத்துக்கும் இதே கதைதான். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததும் மருத்துவர் முதலில் எழுதித் தந்தது ஃபோலிக் அமில மாத்திரை, நாளுக்கு 400 மைக்ரோகிராம். கருத்தரிக்கும் முன்பே ஏன் என்று கேட்டோம். கருவின் நரம்புக்குழாய் முதல் 28 நாளுக்குள் மூடிவிடுகிறதாம். அதாவது, நாள் தள்ளிப்போயிருக்கிறதோ என்று ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வரும் சமயத்தில் வேலை கிட்டத்தட்ட முடிந்திருக்கும். உடம்பின் கணக்கு பூஜ்யத்துக்கும் முன்னால் ஆரம்பிக்கிறது.

அந்தக் கணக்கை எழுதிய நாவல் நம்மிடம் இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) என்றதும் வழக்கு, ஊர் எதிர்ப்பு, எழுத்தாளர் இறந்துவிட்டான் என்று அவர் 2015இல் அறிவித்தது, 2016இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். என் தலைமுறை அந்த நாவலைக் கருத்துச் சுதந்திரத்தின் அத்தியாயமாகவே வாசித்தது. நானும் அப்படித்தான். மூன்று வருஷம் மாதாமாதம் ஏமாந்த பிறகு திரும்ப எடுத்தபோது அது வேறு புத்தகமாக இருந்தது. பொன்னா குடிக்கும் கசப்பு மருந்துகள், வறடிக்கல்லைச் சுற்றுவது, விசேஷ வீட்டில் அவள் கை படக் கூடாது என்று ஒதுங்கும் பெண்கள். காளிக்கும் வலி உண்டு, அவனையும் ஊர் குத்துகிறது. ஆனால் மருந்து அவள் தொண்டையில்தான் இறங்குகிறது. திருவிழா இரவைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் அந்தப் பன்னிரண்டு வருஷக் கசப்பைத் தாண்டி எப்படி அந்த இரவுக்குப் போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிட, யாரும் அதிகம் பேசாத தொடர்ச்சி ஒன்று இருக்கிறது. மாதொருபாகனின் முடிவிலிருந்து இரண்டு வழியாகப் பிரியும் ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்ற இரண்டு நாவல்களையும் அவர் எழுதினார். ஆலவாயனில் காளி செத்துப்போகிறான், பொன்னா கர்ப்பமாக இருக்கிறாள். கதையில் மிச்சமிருப்பது பெண்கள்: மாமியார் சீராயி, அம்மா வல்லாயி, பொன்னா. தொண்டுப்பட்டி வேலை, மாடு, காடு, வயிற்றில் பிள்ளை. நாடகம் குறைவு என்று விமர்சகர்கள் சிலர் சொல்வார்கள், உண்மைதான். சில இடங்களில் நினைவோடை தேவைக்கு மேல் நீள்கிறது, எனக்கும் பொறுமை போனது. ஆனால் ஒரு கர்ப்பிணியைச் சுற்றி இரண்டு கிழவிகள் தூங்காமல் காவலிருப்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன இன்னொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை. மாதொருபாகனைவிட ஆலவாயன் எனக்கு நெருக்கமாகிப்போனது இதனால்தான்.

பிரசவத்துக்குப் பிறகான உடம்பை நேராகப் பார்த்ததற்கு சல்மாவின் ‘இரண்டாம் ஜாமத்துக் கதை’ கவிதையைச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற வயிற்றின் கோடுகளையும், அதைப் பார்க்கும் கணவனின் கண்ணையும் ஒரே அறையில் வைத்தவர். அந்தக் கவிதை வந்தபோது ஆபாசம் என்று முகம் சுளித்தவர்கள், தாய்மை தெய்வீகம் என்று மேடையில் பேசியவர்களாகவும் இருந்திருப்பார்கள்.

ஆறாவது வாரம் மருத்துவரைப் பார்த்தோம். பிரசவம் முடிந்து முதல் இரண்டு வாரத்தில் வரும் அழுகையும் கலக்கமும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், அதைத் தாண்டியும் நீடித்தால் வந்து காட்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று வாரம் முன்பே போயிருப்போம். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987இல் பிரிட்டனில் உருவாக்கியது, பல மொழிகளில் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்களில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறது. சிரிக்க முடிகிறதா என்பதில் ஆரம்பித்து, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடிகிறது.

கேள்விகள் பத்து.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் குறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாசகனாக ஒரு அதிர்ச்சி. அந்தப் பத்துக் கேள்வியில் ஒன்றில்கூடக் குழந்தை இல்லை. குழந்தை மேல் பாசம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பால் கொடுக்கிறீர்களா என்று கேட்கவில்லை. பயம், தூக்கம், அழுகை, தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது, எல்லாமே அவளைப் பற்றி. பத்துப் பருவம் பாடிய மரபில் தாய் இல்லை, பத்துக் கேள்வி கேட்கும் தாளில் குழந்தை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை விமர்சகனுக்கு வரத்தான் செய்யும். ஆனால் அந்த அறையில் எது உதவியது என்பதில் குழப்பமில்லை. மூன்றாவது கேள்வியில், காரணமில்லாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது பற்றியது, அவள் பேனாவை வைத்துவிட்டு அழுதாள். பிறகு எடுத்துக் குறித்தாள். “இது எனக்கு மட்டும் இல்ல போல. அதான் அச்சடிச்சே வெச்சிருக்காங்க” என்றாள்.

அச்சடித்து வைத்திருப்பது என்பதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். இலக்கியத்திடம் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே. எனக்கு மட்டும் இல்லை போல என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். தாய்மை என்றதும் நாம் மேடையில் எடுத்து வைக்கும் பாட்டுகள் நேர் எதிரான வேலையைச் செய்தன. அவளுக்கு மட்டும்தான் இல்லை என்று சொல்லின. தாலாட்டுகளை இதிலிருந்து விலக்க வேண்டும். யார் அடித்தார்கள் என்று கேட்டு மாமன், அத்தை என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும் தாலாட்டில், குழந்தைக்குச் சொல்வதுபோல வீட்டுக்குச் சொல்லும் பாதி இருக்கிறது. அதைப் பாடியவர்கள் நிஜமாகவே மடியில் குழந்தையை வைத்திருந்தார்கள்.

மாமியார் உறையூர்க்காரர். தாயுமானவர் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ரத்னாவதிக்கு உதவ அம்மா கிளம்புகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். மலைக்கோட்டை சிவன் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்க்கிறான். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேர்ந்தால், வீட்டுக்குள் இன்னொரு அம்மா. சிவன் மறைந்துவிடுகிறான். தெய்வம் குழந்தையாக வராமல் பிரசவம் பார்க்க வந்த கதை என்பதால், பிள்ளைத்தமிழ்களுக்கு விட்டுப்போன பக்கத்தை இந்தத் தலபுராணம் எழுதியிருக்கிறது என்று அவரிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் வெந்நீர்ப் பையை அவள் முதுகுக்கு அண்டைகொடுத்துக்கொண்டே கேட்டார்.

“கதை சரிதான் தம்பி. ஆனா அம்மா வந்ததும் சாமி ஏன் போவணும்? ரெண்டு பேரும் இருந்திருக்கலாம். ஒரு ஆளு பத்தாது.”

மகளுக்கு இப்போது நான்காம் மாதம் நடக்கிறது. காப்புப் பருவத்தைத் தாண்டிவிட்டோம், செங்கீரைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, தலையைத் தூக்கிப் பார்க்க முயற்சி செய்கிறாள். மனைவி மருந்து எடுத்துக்கொள்கிறாள், பேசப் போகிறாள், ராத்திரி ஒரு முறையாவது நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குகிறாள். மாமியார் அடுத்த வாரம் உறையூர் போவதாக இருந்தார். ரயில் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். அவர் இங்கே இருக்கும் வரை இரவு முதல் ஜாமம் அவருடையது, மூன்று மணி என்னுடையது.